லகன் என்ற சொல்லும் மூதூர்க் கிடாரமும்

மூட்டு வலியையும் சீனி வருத்தத்தையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள், என் வயதுக்காரர்களே. நான் இன்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஆங்கிலம் என்றதும் எழுந்து போய்விடாதீர்கள். இதில் புயல் இருக்கிறது, செம்புக் கிடாரம் இருக்கிறது, ஓர் ஆடு இருக்கிறது, என் அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள்.

சொல் இதுதான்: லகன். போன கிழமை பேரனின் கைத்தொலைபேசியில் அதைத் தட்டிப் பார்த்தேன். இரண்டு வரியில் கதையை முடித்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு மாரிகாலம் முழுவதையும் பிடித்து ஆட்டிய சொல்லுக்கு இரண்டு வரியா? அதனால்தான் பேனையை எடுத்தேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் அப்பா கிளாக்கராக இருந்தார். அவரிடம் ஒரு தடித்த ஆங்கில அகராதி இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை தன் முகாமைக் காலி செய்து போனபோது ஏலத்தில் விட்ட புத்தகப் பெட்டி ஒன்றிலிருந்து வந்தது அது. மேல் அட்டை இல்லை. பக்கங்களில் கரப்பான் அரித்த ஓட்டைகள். திறந்தால் பழைய புகையிலையும் உப்பும் கலந்த ஒரு மணம் வரும். இன்றைக்கும் எங்காவது அந்த மணம் வந்தால் என் கால்கள் தானாக நிற்கும். பின்னாட்களில் வீடு மாறி மாறி ஓடியபோது அது எங்கே தவறிப் போனதோ தெரியாது.

காலையில் பாணும் சம்பலும் சாப்பிடும்போது அப்பா அதில் ஒரு சொல் வாசிப்பார். ஒரு நாளைக்கு ஒரு சொல், பக்கத்துக்கு ஒன்றாக. அம்மா குசினியிலிருந்து, "இஞ்சருங்கோ, சம்பல் காயுது, சொல்லு பிறகும் இருக்கும்" என்பா. அப்பா கேட்கமாட்டார். அந்த மாரிகாலம் தொடங்கும்போது அவர் 'எல்' எழுத்துக்கு வந்திருந்தார். ஒரு காலை, பாண் துண்டை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. "பிள்ளை, இஞ்ச ஓடி வா" என்று கூப்பிட்டார்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். ஓடிப்போய்க் கதிரைக் கையில் ஏறி உட்கார்ந்தேன்.

அப்பா சொன்னது இதுதான். கப்பல் உடைந்து பொருள்கள் மிதந்து வந்தால் ஆங்கிலேயரிடம் அதற்கு ஒரு பெயர் உண்டு. மூழ்கப் போகிற கப்பலைக் காப்பாற்றப் பாரத்தைக் குறைக்கக் கடலில் எறிந்த பொருளுக்கு வேறு பெயர். ஆனால் எறியும்போதே, பிறகு வந்து எடுப்பேன் என்று கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் மிதவை ஒன்றும் கட்டிவிட்டால்? அதுதான் லகன். அடியில் கிடந்தாலும் அது கடலுக்குச் சொந்தமில்லை, கண்டெடுத்தவனுக்கும் சொந்தமில்லை. மேலே ஆடிக்கொண்டிருக்கிற மிதவை, 'எனக்கு ஆள் இருக்கு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

நண்பர்களே, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒரு காரியத்துக்கென்று தனியாக ஒரு சொல்லைச் செய்து வைத்திருக்கிறார்களே என்று.

அப்பாவுக்கு அதைவிடக் கொண்டாட்டம். கந்தோர் நூலகத்திலிருந்து பழைய சட்டப் புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்தார். சொல்லின் பிறப்பைப் பற்றியே அறிஞர்களிடையே சண்டையாம். கட்டுவது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது என்று நெடுங்காலம் நம்பியிருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள், அதெல்லாம் இல்லை, வடகடல் மாலுமிகள் தண்ணீரில் விரித்த வலைக்கு வைத்திருந்த சொல்தான் பிரெஞ்சுக் கரை வழியாக இங்கிலாந்துக்கு வந்தது என்றார்களாம். அரசனும் கரையோரப் பிரபுக்களும் கடலில் வந்த பொருள் யாருக்கு என்று நூற்றாண்டுக் கணக்கில் அடிபட்டிருக்கிறார்கள். உடைந்த கப்பலிலிருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பினால், அரசன் அந்தப் பொருளில் கை வைக்கக் கூடாது. ஒரு வருடமும் ஒரு நாளும் வைத்திருந்து, உடையவன் வந்தால் கொடுக்க வேண்டும்.

"பூனை தப்பினாலுமோ?" என்று கேட்டேன்.

"ஓம். பூனை போதும்."

அடுத்த நாளே பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிக்கு இதைச் சொல்லிவிட்டேன். அவள் தகப்பன் சுழியோடி. வெள்ளைக்காரர் போனபின் எங்கள் துறைமுகத்து அடியில் செம்பும் பித்தளையும் ஈயமும் கணக்கில்லாமல் கிடந்தன. அவற்றை மூச்சடக்கி எடுத்து விற்றுப் பல குடும்பங்கள் சீவித்தன. அடியில் கிடக்கிற செம்பு நேவிக்காரன் விட்டுப்போன செம்பு, எடுத்தவனுக்குச் சொந்தம் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கப்பலில் ஆடு தப்பினால் என்ன சட்டம் என்று என் சிநேகிதி கேட்டாள். அதை அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு பின்னேரம் முழுக்கப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "ஆட்டைப் பற்றி ஒண்டும் இல்லை" என்று கவலையோடு சொன்னார்.

நாங்கள் இருவரும் எங்கள் கிணற்றில் லகன் விளையாடினோம். அம்மாவின் பித்தளைச் செம்பில் கயிறு கட்டி, மறு நுனியில் வெறும் மருந்துப் போத்தலைக் கட்டி உள்ளே விட்டோம். செம்பு போக, போத்தல் மிதந்து ஆட, எங்களுக்கு ஒரே கும்மாளம். அம்மா அகப்பையோடு வந்தா. அன்றைக்கு விழுந்த அடி சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்று அப்பா ஆராயவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு கிழமை ஆகியிருக்காது. வாடைக்காற்று தொடங்கியது. ஒரு மத்தியானம், வானம் சட்டிக் கரியாய் இருண்டு மழை அடித்து ஓய்ந்த நேரம், எங்கள் படலையில் கிடார உம்மா வந்து நின்றா. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தா. சேலைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

உம்மா மூதூர்க்காரி. புருசன் போனபின் அவவுக்கு இருந்தது ஒரு பெரிய செம்புக் கிடாரம். அதைக் கலியாண வீடுகளுக்குக் கொடுப்பா, கூடவே போய்ச் சமைத்தும் கொடுப்பா. அந்தக் கிடாரத்துக்குள் என் அளவுப் பிள்ளைகள் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். கழுத்தில் இரண்டு பக்கமும் தடித்த வளையங்கள். மூதூர், கிண்ணியா, நகரத்துப் பள்ளிவாசல் பக்கம் எங்கே கலியாணம் என்றாலும் அதுதான் போகும். அடுப்பு மூட்டியதும் பெண்ணின் தாய் முதல் பிடி அரிசியைத் தன் கையால் கிடாரத்தில் போட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். நகரத்துக்கு வரும்போதெல்லாம் உம்மா எங்கள் வீட்டுக்கு வருவா. அம்மாவும் அவவும் குசினிக்குள் குந்தியிருந்து கதைப்பார்கள்.

"என்ட கிடாரம் போச்சு புள்ள" என்றா உம்மா. அம்மா துவாயை எடுத்து அவவின் தலையைத் துடைத்தபடி, "என்ன நடந்தது, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றா.

நகரத்தில் ஒரு கலியாணத்துக்காகக் கிடாரத்தை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு கொட்டியாரக் குடாவைக் கடந்திருக்கிறார்கள். வள்ளத்தில் உம்மா, வள்ளக்காரர், கலியாணத்துக்கென்று கட்டிய ஒரு ஆடு. குடாவின் நடுப்பகுதி கயிற்றுக்கு எட்டாத ஆழம். நல்ல காலம், அதைத் தாண்டித் துறைமுக வாயருகே வந்தபின்தான் காற்று அடித்திருக்கிறது. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் அள்ளியது. "உம்மா, கிடாரமோ நாங்களோ?" என்று வள்ளக்காரர் கேட்டார். உம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லையாம். வளையத்தில் கயிற்றைக் கட்டி, மறு நுனியில் வெறும் எண்ணெய் டின்னைக் கட்டி, தூக்கிப் போட்டார்கள்.

"போட்டா, தாழமாட்டன் எண்டு மிதந்து சுத்துது. வள்ளக்காரர் துடுப்பால விளிம்ப அமத்தினார். தண்ணி உள்ள பூந்து, ஒரு சத்தம் போட்டிட்டுப் போச்சு."

அப்பா கதிரையை விட்டு எழுந்துவிட்டார். கண்கள் மின்னின. "கயிறு கட்டினனீங்கள்? டின்னும் கட்டினனீங்கள்?"

"ஓம் தம்பி."

"லகன்" என்றார் அப்பா.

நானும் துள்ளினேன். புத்தகத்துக்குள் நூற்றாண்டுகளாகப் படுத்திருந்த சொல் எழுந்து, ஈரச் சேலையோடு எங்கள் வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது. அப்பா உம்மாவுக்கு இங்கிலாந்து அரசர்களின் கதையைத் தொடங்கினார். உம்மா பாவம், தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "அப்பிடியா தம்பி" என்று கேட்டுக்கொண்டிருந்தா. ஆடு தப்பியது பற்றி நான் நினைவூட்டினேன். மனிதரும் தப்பியிருப்பதால் ஆடு தேவையில்லை என்றார் அப்பா.

மறுநாள் கடல் அடங்கியது. வள்ளக்காரர் போய்ப் பார்த்தார். டின்னைக் காணோம். கிடாரத்தைப் போட்ட இடத்துக் கற்பாரைச் சுற்றிப் பொழுதுபட வரைக்கும் தேடிவிட்டு வெறும் வள்ளத்தோடு வந்தார். உம்மா அழவில்லை. எங்கள் குசினிச் சுவரில் சாய்ந்து, அடுத்தடுத்து ஏற்றுக்கொண்டிருந்த கலியாணங்களை விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தா. "அலுமினியச் சட்டிக்காரன் இரிக்கான். இந்தக் கலியாணத்துக்கு அவன்ட சட்டிதான் போகுது. ஒருக்கா அவனிட்டப் போனாச் சனம் திரும்பி வராது" என்றா. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. எனக்கு விளையாட்டாக இருப்பது அவவுக்குச் சோறு.

அதற்கு அடுத்த நாள் பள்ளிக்கூட இடைவேளையில் என் சிநேகிதி காதுக்குள் சொன்னாள்: "எங்கட அப்பா கடலுக்குள்ள இருந்து பெரிய சட்டி ஒண்டு எடுத்தவர். நான் உள்ளுக்க இருந்து பாத்தனான்."

நான் அன்றைக்கு வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. அம்மா, உம்மா, நான் மூவரும் அப்போதே புறப்பட்டோம். சுழியோடி வீட்டு முற்றத்தில், கவிழ்த்த மாதிரிக் கிடந்தது கிடாரம். கரி படிந்த அதன் முதுகை உம்மா தடவினா. கயிறும் டின்னும் பக்கத்தில் கிடந்தன. டின் சாம்பல் நிறம், கடற்படைக் கப்பல்களுக்கு அடிக்கிற நிறம்.

சுழியோடிக்கு முகம் சுருங்கிவிட்டது. "கோவிக்காதேங்கோ அம்மா. சாம்பல் டின், செம்புச் சாமான். நேவிக்காரன்ட எண்டு நினைச்சிட்டன். சமையல் சட்டி எண்டு மேல கொண்டுவந்தப் பிறகுதான் தெரிஞ்சுது. யாரிட்டச் சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

"மூச்சைப் புடிச்சு எடுத்திரிக்கீங்க. ஒங்களோட என்ன கோவம்" என்றா உம்மா. "வெள்ளிக்கிழம வள்ளம் கொண்டு வாறேன். மொதல்ல ஆக்குற சோறு ஒங்கட ஊட்டுக்குத்தான்."

"அது காணும்" என்றார் சுழியோடி. அவ்வளவுதான். கதை முடிந்தது. திரும்பி வரும் வழியில் உம்மா எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தா. அம்மாவும் அவவும் கைகோத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து நடந்தார்கள்.

இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு அகராதி இருந்ததே.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு அப்பா உட்கார்ந்ததும் அம்மா நடந்ததைச் சொன்னா. அப்பா முழுவதும் கேட்டாரோ தெரியாது. "சுழியோடி தான் விரும்பித் தாறதோ? அது அவர் தாற பொருள் இல்லை. சட்டப்படி அவவின்ர. அதை முறையா நிலைநாட்ட வேணும்" என்றார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கிடைச்சிட்டுது, இனியென்ன நிலைநாட்டுறது" என்றா. ஒரு மனிதன் ஆயுளில் எத்தனை தடவைதான் உண்மையான லகனைக் காண்பான்? அவருடைய நிலைமையையும் நாம் யோசிக்க வேண்டும்.

மறுநாள் காலை அவர் புத்தகங்களைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனார். கடலில் கண்டெடுத்த பொருள்களைப் பொறுப்பெடுக்கும் வேலையும் அந்தக் கந்தோருக்குத்தான். ஆனால் நெடுங்காலம் யாரும் எதையும் கொண்டுவந்ததில்லை. பெரிய ஐயா என்று எல்லோரும் சொல்லும் தலைமை அதிகாரி, அப்பா சொல்லச் சொல்லக் கதிரை நுனிக்கு வந்துவிட்டாராம். லத்தீன் வேர், வடகடல் வலை, பூனை, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மிஸ்டர் கிளாக், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்றாராம். பிறகு மணியை அடித்து லொறியைக் கூப்பிட்டாராம்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்டேன். லொறியின் பின்பக்கத்தில் கிடாரம். கயிறும் டின்னும் அதற்குள். நானும் சிநேகிதியும் "லகன், லகன்" என்று கத்திக்கொண்டு மடத்தடிச் சந்திவரைக்கும் பின்னால் ஓடினோம். ஊரே பார்த்தது. எனக்கு என் அப்பாவை நினைத்து நெஞ்சு விம்மியது.

வீட்டுக்கு வந்தால் அப்பா முற்றத்தில் நின்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது எல்லாம் முறைப்படியாகிவிட்டது. பொருள் அரசாங்கக் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது. உடையவர் தன்னுடையது என்று நிரூபித்தால் உடனே கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு வருடமும் ஒரு நாளும்.

"என்னத்தைக் காட்டி நிரூபிக்கிறது?" என்று அம்மா கேட்டா.

"ஏதாவது பத்திரம். வாங்கின பற்றுச்சீட்டு."

"அவவின்ர மாமனார் காலத்துக் கிடாரம். அவவிட்டப் பற்றுச்சீட்டு இருக்குமோ?"

அப்பா சைக்கிள் கரியரில் இருந்த புத்தகங்களை அவிழ்க்கத் தொடங்கினார்.

"இஞ்சருங்கோ" என்றா அம்மா, மெதுவாக. "இதைச் செய்ய முந்தி அவவிட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

சொல் சரி. பொருள் சரி. சரித்திரமும் சரி. கேட்க வேண்டிய ஆளை மட்டும் அப்பா கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு இது விளங்கவில்லை. அம்மா ஏன் இந்த வெற்றியைக் கெடுக்கிறா என்றுதான் ஆத்திரப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை உம்மா வள்ளத்தோடு வந்தா. சுழியோடி வீட்டு முற்றம் வெறுமையாய்க் கிடந்ததைக் கண்டுவிட்டுக் களஞ்சியத்துக்குப் போனா. கம்பி வலைக்குப் பின்னால் தன் கிடாரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தா. அப்பா அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. மனு எழுதித் தருகிறேன் என்றார். எழுதினார், பக்கம் பக்கமாக. பெரிய ஐயா அதை ரசித்து வாசித்துவிட்டு, "அருமை. ஆனால் சாட்சி எங்கே?" என்று திருப்பிக் கொடுத்தாராம். ஒரு நாள் குறித்துத் தந்தார். அன்றைக்குச் சாட்சிகளைக் கூட்டி வரச் சொன்னார்.

"சாட்சிதானே" என்றா உம்மா. "கொண்டு வாறேன்."

அந்த நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், நண்பர்களே. மூதூரிலிருந்து வந்த முதல் லோஞ்சுப் படகிலிருந்து இறங்கியவர்கள் எல்லாம் சோடி சோடியாக இறங்கினார்கள். புருசன், பெண்சாதி, இடுப்பில் குழந்தை. அவர்களுக்குப் பின்னால் தாய்மார். அந்தக் கிடாரத்துச் சோற்றில் கலியாணம் முடித்தவர்கள். கிண்ணியாவிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் வேறு. புதுச் சேலை, அத்தர் மணம், வெற்றிலை, குழந்தை அழுகை, எல்லாமாகக் களஞ்சிய முற்றம் கலியாண வீடாகிவிட்டது. ஒன்றோடொன்று கதைக்காத குடும்பங்கள்கூட வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வரிசையில் நின்றன. துறைமுகத் தொழிலாளிகள் வேலையை விட்டு வந்து மதிலில் ஏறி உட்கார்ந்தார்கள். நானும் சிநேகிதியும் கயிற்றுச் சுருள்களின் மேல் ஏறி நின்றோம். அம்மா பெண்களோடு ஓரமாக நின்றா. அப்பா பெரிய ஐயாவின் பக்கத்தில் எழுதுவதற்காக உட்கார்ந்திருந்தார்.

பெரிய ஐயா கெட்டிக்காரர். கிடாரத்தைச் சாக்கால் மூடிவிட்டார். ஒவ்வொரு தாயாகக் கூப்பிட்டு, "உள்ளே அடியில் என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு ஒட்டு இரிக்கி" என்றா முதல் தாய். முதல் பிடி அரிசியைப் போடக் குனிந்தபோது பார்த்ததாம். அடுத்தவவும் அதையே சொன்னா. அதற்கு அடுத்தவவும். நடுவில் இல்லை, கொஞ்சம் ஒதுங்கி, வட்டமான ஒட்டு. சாக்கை விலக்கிப் பார்த்தார்கள். இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுழியோடியும் வந்து, கயிறும் டின்னும் கட்டியபடிதான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் பெரிய ஐயா பேனையைக் கீழே வைத்தார். "எல்லாரும் ஒரு பக்கத்துச் சனம். ஒருவர் சொல்லிக் கொடுத்தால் எல்லாரும் சொல்லலாம். வெளியாள் ஒருவர் வேணும். இவவுக்கு உறவும் இல்லாத, இவவின் ஊரும் இல்லாத ஒருவர். இவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லக்கூடிய ஆள். இல்லாவிட்டால் நான் கையெழுத்து வைக்க ஏலாது."

"அப்பிடி ஒருத்தர் இருக்கினமோ அம்மா?" என்று அப்பா உம்மாவைக் கேட்டார். அவர் குரல் கெஞ்சியது.

உம்மா நிலத்தைப் பார்த்தா. "இல்ல தம்பி" என்றா.

"இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது.

அம்மா முன்னால் வந்துகொண்டிருந்தா. உம்மா அவவின் கையைப் பிடித்து, "வேணாம் புள்ள" என்றா, எல்லோருக்கும் கேட்கும்படியாக. அம்மா அந்தக் கையை மெல்ல விலக்கினா. என் அம்மா அப்படிச் சபையில் கதைத்து நான் அதற்கு முன் கண்டதில்லை. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"அந்த ஒட்டு உள்ளுக்குப் பாத்தா வட்டம் மட்டும்தான். வெளியில, கரிக்குக் கீழ, அது ஒரு காசு. ராணி தலை போட்ட பழைய செப்புக் காசு. என்ர உண்டியல்ல இருந்தது. என்ர கலியாணத்தண்டு விடியக்காலமை கிடாரம் ஒழுகினது. பாத்திரம் ஒட்டுற கன்னானைக் கூப்பிட்டா, தடிச்ச செம்பு இல்லையெண்டார். நான்தான் எடுத்துக் குடுத்தனான்."

அப்பாவின் பேனை நின்றது.

உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டும். அப்பாவின் தகப்பனார் பெரிய ஆசாரக்காரர். அடுத்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அம்மாவின் கலியாணத்துக்குப் பேசிவைத்த கோயில் அண்டா கடைசி நேரத்தில் வரவில்லை. மழை வேறு. அம்மாவின் தகப்பனார் கையைப் பிசைந்து நின்றபோது உம்மாவின் புருசன் இந்தக் கிடாரத்தை வள்ளத்தில் கொண்டுவந்து, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார். இறைச்சி ஆக்கிய முஸ்லிம் வீட்டுக் கிடாரம் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் மணவறையிலிருந்தே எழுந்து போயிருப்பார்கள். அம்மா வீட்டார் அந்தச் சங்கதியை அன்றைக்கே புதைத்துவிட்டார்கள். உம்மாவும் புதைத்துவிட்டா. தன் பிழைப்பு கம்பி வலைக்குள் கிடந்தபோதும், ஒரு வார்த்தையில் அதை மீட்கலாம் என்று தெரிந்தும், அவ 'இல்ல தம்பி' என்றுதான் சொன்னா.

பெரிய ஐயா கைகாட்டினார். தொழிலாளிகள் கிடாரத்தைக் கவிழ்த்தார்கள். சுழியோடி இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கரியைச் சுரண்டத் தொடங்கினார். காலங்காலமாக ஏறிய கரி, தட்டுத் தட்டாகப் பெயர்ந்தது. முற்றம் முழுக்கக் குனிந்தது. நான் கயிற்றுச் சுருளிலிருந்து குதித்துக் கால்களுக்கிடையில் புகுந்து முன்னுக்குப் போனேன். முதலில் ஒரு வளைந்த விளிம்பு. பிறகு செம்பின் மினுக்கம். சுழியோடி எச்சில் தொட்டுப் பெருவிரலால் தேய்த்தார். மூக்கும் கொண்டையுமாக ராணி வெளியே வந்தா.

சனம் ஆர்ப்பரித்தது. மதிலில் இருந்தவர்கள் கீழே குதித்தார்கள். யாரோ ஒரு தாய் சிநேகிதியையும் என்னையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினா. உம்மா கிடாரத்தின் பக்கத்தில் குந்தி முகத்தை மூடிக்கொண்டா.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றிருந்தார். அம்மா தலை குனிந்து அவருக்கு முன்னால் நின்றா. ஆரவாரம் மெல்ல அடங்கியது. அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா" என்றார் அப்பா, பெரிய ஐயாவின் பக்கம் திரும்பி. "என்னையும் சாட்சியா எழுதுங்கோ. அந்தச் சோத்தைத் திண்ட மாப்பிள்ளை நான்தான்."

பெரிய ஐயா பேனையை எடுத்தார். எழுதப் போனவர், நிமிர்ந்து, "சோறு எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

அப்பா உம்மாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"ரெண்டாம் தரமும் கேட்டு வாங்கினனான்" என்றார்.